பத்துக்குப் பத்து

2021 தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அம்மாவின் முன்பல் உடைந்தது. முறுக்கு வெந்துவிட்டதா என்று பார்க்க ஒன்றை எடுத்துக் கடித்திருக்கிறார். முறுக்கு நன்றாகத்தான் வெந்திருந்தது. பல்தான் தாங்கவில்லை. நான் பினாங்கிலிருந்து வீடு வந்து சேர்ந்தபோது உடைந்த துண்டை டிஷ்யூவில் சுற்றி சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

“பெரிய துண்டா இருக்குடா. ஒட்ட முடியுமான்னு கேட்டுப் பாரேன்.”

சொல்லும்போது இடது கையால் வாயை மூடிக்கொண்டார்.

வாயை மூடிக்கொள்வது அன்று தொடங்கிய பழக்கம் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா அப்படித்தான் சிரிப்பார். சின்ன வயதில் தஞ்சோங் துவாலாங்கில் குழாயடியில் வழுக்கி விழுந்து, மேல் வரிசையின் இடது முன்பல் மூலை உடைந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்கெல்லாம் யாரும் டாக்டரிடம் போகவில்லை. பல வருடம் கழித்து வலி வந்தபோது அரசாங்கப் பல் கிளினிக்கில் நரம்பை எடுத்துவிட்டு, மூலையை வெள்ளைப் பசையால் அடைத்து அனுப்பினார்கள். நரம்பு எடுத்த பல் மெல்லக் கறுத்தது. அடைப்பு மஞ்சளானது, விழுந்தது, மறுபடி அடைத்தார்கள். மூன்று முறை இப்படி. பள்ளிக் கேன்டீனில் இருபது வருடம் நாசி லெமாக் கட்டிக்கொண்டே ஒரு கையால் வாயை மூடிச் சிரிக்க அம்மா பழகியிருந்தார்.

அடுத்த ஆண்டு ஜூனில் அக்காவுக்குக் கல்யாணம். அதற்குள் அம்மாவுக்கு நல்ல பல்லாகப் போட்டுவிட வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாத் தவறும் அந்த ‘நான் முடிவு செய்தேன்’ என்பதிலிருந்துதான் தொடங்குகிறது.

*

நான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், நிபோங் திபால் வளாகத்தில், மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் படித்தவன். இறுதியாண்டில் நான் செய்த ஆய்வே சிர்கோனியா பற்றியது. மாவு போன்ற வெள்ளைத் தூளை அச்சில் அழுத்தி, 1,450 டிகிரியில் சுட்டு, அடர்த்தியையும் கடினத்தையும் அளந்தேன். இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் புரோசஸ் இன்ஜினியர். ஆக, அம்மாவுக்குப் பல் உறை போட வேண்டும் என்றதும் எனக்கு ஒரு பரீட்சை வந்த மாதிரி இருந்தது. படித்த பாடத்திலிருந்தே கேள்வி வந்த பரீட்சை.

பல்லின் மேல் பீங்கான் போட்டுப் பார்க்கும் ஆசை பழையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் சார்லஸ் லேண்ட் என்ற பல் மருத்துவர் மெல்லிய பிளாட்டினத் தகட்டின் மேல் பீங்கானைச் சுட்டுப் பல்லில் பொருத்தும் முறையைக் கண்டுபிடித்தார். (அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் தாண்டிய சார்லஸ் லிண்ட்பெர்க் இவருடைய மகள் வயிற்றுப் பேரன்.) அழகாக இருந்தது, ஆனால் உடைந்தது. பீங்கானின் குணம் அது. அழுத்தினால் தாங்கும், வளைத்தால் போய்விடும். 1960களில் அடியில் உலோகத்தை வைத்து மேலே பீங்கானைச் சுட்டார்கள். அது உடையவில்லை. ஆனால் வயதாகி ஈறு சுருங்கும்போது அடியிலிருந்து கறுப்புக் கோடு எட்டிப் பார்த்தது. என் அத்தை ஒருவருக்கு அந்தக் கோடு இருக்கிறது. சின்ன வயதில் அவர் பல்லுக்கு மை போட்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

இப்போது நம் ஊர்க் கிளினிக்குகளில் முன்பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு தேர்வுகள் சொல்வார்கள். ஒன்று லித்தியம் டைசிலிகேட். படிகம் நிறைந்த கண்ணாடி. ஒளியைக் கொஞ்சம் உள்ளே விட்டுத் திருப்பி அனுப்பும் என்பதால் உயிருள்ள பல் மாதிரியே தெரியும். வளைவைத் தாங்கும் வலிமை ஏறக்குறைய 400 மெகாபாஸ்கல். இன்னொன்று சிர்கோனியா. வகையைப் பொறுத்து அதன் வலிமை 1,000ஐத் தாண்டும். பழைய பீங்கானின் வலிமை 100ஐச் சுற்றித்தான்.

சிர்கோனியாவின் வலிமைக்குப் பின்னால் இருப்பது ஒரு தந்திரம். இட்ரியம் ஆக்சைடைக் கொஞ்சம் கலந்து சுட்டால் அதன் படிகங்கள் அறை வெப்பத்தில் இருக்கக் கூடாத ஒரு வடிவத்தில் அடங்கி இருக்கும். விரிசல் ஒன்று ஓடி வரும்போது அதன் முனையில் இருக்கும் படிகங்கள் மட்டும் தங்கள் இயல்பான வடிவத்துக்கு மாறும். மாறும்போது நூற்றுக்கு நான்கைந்து பங்கு பருக்கும். பருத்து, விரிசலை நெருக்கி நிறுத்திவிடும். 1975இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை நேச்சர் இதழில் எழுதியபோது ‘பீங்கான் எஃகா?’ என்று கேள்விக்குறியோடுதான் தலைப்பு வைத்தார்கள். இரண்டாம் ஆண்டு வகுப்பில் இதைக் கேட்ட அன்று நான் தூங்கவில்லை. காயம் பட்ட இடத்தில் மட்டும் குணம் மாறும் ஒரு கல்!

வாரக் கடைசியில் அம்மாவிடம் இதை வேறு விதமாகச் சொன்னேன். தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, தஞ்சோங் துவாலாங்கில் ஈயக் கப்பலில் வேலை செய்தவர். குளத்தில் மிதந்துகொண்டே மண்ணைத் தோண்டும் அந்தப் பெரிய இயந்திரங்களில் ஒன்று இன்னும் அங்கே காட்சிக்கு நிற்கிறது. 1938இல் கட்டி, 1982 வரை ஓடியது. ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கறுப்பு மணலை அமாங் என்பார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் அது குவியல் குவியலாகக் கிடந்தது. அந்த அமாங்கில் சிர்கோன் இருக்கிறது, சிர்கோனியா அதிலிருந்து வருவது. செனோடைம் என்ற கனிமமும் இருக்கிறது, அதில் இட்ரியம் இருக்கிறது. ஆக, அம்மா வாய்க்குள் போகப் போகும் பல்லுக்கு வேண்டிய இரண்டு சாமானும் தாத்தா கழித்துப் போட்ட மணலில் இருந்தவைதாம்.

அம்மா கவனமாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“அந்தக் கழிவு மண்ணா? நாங்க அதுல சறுக்கி வெளாடுவோம். அதையா வாயில வைக்கப் போற?”

*

பல் டாக்டர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். சீனப் பெண், பொறுமையானவர். அம்மாவிடம் மலாயிலும் என்னிடம் ஆங்கிலத்திலும் பேசினார். நான் சிர்கோனியா என்றதும் ஒப்புக்கொண்டார். அடியில் இருக்கும் பல் கறுத்திருப்பதால் லித்தியம் டைசிலிகேட் போட்டால் கறுப்பு ஊடுருவித் தெரியலாம், சிர்கோனியா மறைக்கும் என்றார். மேலே வேறு பீங்கான் பூசாமல் முழுக்கச் சிர்கோனியாவாகவே செய்தால் மேல் பூச்சு பெயர்ந்து விழும் தொல்லை இருக்காது என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். இரண்டு நிபுணர்கள் பேசிக்கொள்வது போல இருந்தது. அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில், சாய்ந்த நாற்காலியில், வாயில் பஞ்சோடு படுத்திருந்தார்.

நிறம் பார்க்கும் அட்டவணையை எடுத்தார். விசிறி மாதிரி அடுக்கிய 16 பல் மாதிரிகள். ஏ, பி, சி, டி என்று நான்கு குடும்பம். செம்பழுப்பு, செம்மஞ்சள், சாம்பல், செஞ்சாம்பல். உலகம் முழுக்கப் பெரும்பாலான பல் டாக்டர்கள் இந்த 16ஐ வைத்துத்தான் பேசிக்கொள்கிறார்கள். அம்மாவின் பற்கள் ஏ3.5. ஐம்பது வருடக் கோப்பியும் தேநீரும் சேர்ந்த நிறம்.

“பக்கத்துப் பல்லோடு பொருத்தட்டுமா, கொஞ்சம் வெளுப்பாகப் போகட்டுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். என்னிடம்தான் கேட்டார்.

கல்யாணப் படங்கள் என் கண் முன்னால் வந்தன. ஏ1 என்றேன். ரொம்பவும் தனித்துத் தெரியும் என்று டாக்டர் எச்சரித்தார். மற்ற பற்களைப் பிறகு வெளுக்க வைத்துக்கொள்ளலாம் என்றேன். இரண்டு முன்பற்களுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி இருந்தது. அதையும் இந்த உறையிலேயே மூடிவிடலாம், வேண்டுமா என்று கேட்டார்.

“மூடிடுங்க” என்றேன்.

அம்மா கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தார். விளக்கு வெளிச்சம் கூசுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் பல் வந்தது. கணினியில் வடிவமைத்து, கட்டியிலிருந்து இயந்திரம் குடைந்தெடுத்து, சுட்டுச் சுருக்கி, பாலிஷ் போட்ட பல். இந்தத் தொழில் தொடங்கிய கதையிலும் ஒரு இன்ஜினியர் உண்டு. ஜூரிக் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மான் என்ற பல் மருத்துவரும் மார்கோ பிராண்டெஸ்தினி என்ற மின் பொறியாளரும் சேர்ந்து, நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே கணினியால் செராமிக் அடைப்பு ஒன்றைக் குடைந்து பொருத்திக் காட்டியது 1985இல். அதே 1985 அக்டோபரில்தான் லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நின்றுபோய், விலை சரிந்து, கிந்தாவின் ஈயலம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் அம்மாவின் வாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆண்டு ஞாபகம் வரும்.

டாக்டர் கண்ணாடியை நீட்டினார். “ஓகே ஆ, ஆண்டி?”

அம்மா பார்த்தார். “ஓகே, ஓகே. தெரிமா காசே, டாக்டர்.”

1,800 வெள்ளி. அம்மா விலை கேட்டபோது அறுநூறு என்று சொன்னேன். அடுத்த வாரம் என் சட்டையைத் துவைக்கப் போட்டவர் பாக்கெட்டில் ரசீதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. ரசீதைக் காயவைத்து மேசையில் வைத்திருந்தார்.

*

ஒரு வருடம் கழித்து, 2023இல், சோதனைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்தார், ஓரத்தைக் கூரான கருவியால் தடவினார், எக்ஸ்ரே எடுத்தார். அப்பழுக்கில்லை என்றார். எப்படி மதிப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். ஆர்வக்கோளாறு.

பல் சிகிச்சை ஆய்வுகளில் பல காலமாக ஒரு முறை இருக்கிறது. 1971இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறைக்காக எழுதப்பட்டது. நிறம், ஓரப் பொருத்தம், வடிவம், ஓரக் கறை, மறுபடி வரும் சொத்தை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக் கொடுப்பார்கள். ஆல்ஃபா என்றால் குறையில்லை. பிராவோ என்றால் குறை இருக்கிறது, ஆனால் இருந்துவிட்டுப் போகலாம். சார்லி என்றால் மாற்ற வேண்டும். அம்மாவின் பல்லுக்கு நிறம் மட்டும்தான் பிராவோ. அதுவும் நாமே கேட்டு வாங்கிய பிராவோ. மற்றதெல்லாம் ஆல்ஃபா.

வீட்டுக்கு வந்து நானும் படித்துப் பார்த்தேன். 2015இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில் ஐந்து வருடம் கழித்து வாயில் நிலைத்திருக்கும் உறைகளின் கணக்கு இருந்தது. உலோகத்தின் மேல் சுட்ட பீங்கான் 94.7 விழுக்காடு. லித்தியம் டைசிலிகேட் வகைக் கண்ணாடிப் பீங்கான்கள் 96.6. என் தொழிற்சாலையில் ஐந்து வருடத்துக்கு இப்படி ஒரு எண் வந்தால் சிலருக்கு வேலை போகும். ஆனால் ஈரம், சூடு, குளிர், புளிப்பு, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான மெல்லல் என்று பார்த்தால் வாய் போன்ற மோசமான சோதனைக்கூடம் வேறு இல்லை. அதில் இது நல்ல எண்.

கிளினிக் கவுன்டரில் ஒரு டேப்லெட் இருந்தது. ஐந்து முகங்கள். சிவப்பில் அழும் முகம் தொடங்கிப் பச்சையில் சிரிக்கும் முகம் வரை. அம்மா ஒரு கணமும் யோசிக்காமல் பச்சையைத் தொட்டார். காரில் வரும்போது நானும் கேட்டேன்.

“பல்லு எப்படிமா? பத்துக்கு எத்தன கொடுப்பீங்க?”

“பத்து” என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

*

2024 பொங்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவே லீவு கிடைத்துச் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அம்மா பின்வாசல் படியில் பக்கத்து வீட்டு ஆண்டியோடு உட்கார்ந்து கொய்யாப்பழத்தைக் கத்தியால் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு நறுக்குவது மாதிரி. அசாம் பொடி தூவி, ஒவ்வொரு துண்டாகக் கடைவாய்க்குத் தள்ளினார்.

“என்னாத்துக்கு இப்படி நறுக்கிக்கிட்டு இருக்க? மவன்தான் நல்ல பல்லு போட்டுக் குடுத்திருக்கானே, கடிச்சித் திங்க வேண்டியதுதான?”

“அய்யோ, அதுல நான் கடிக்க மாட்டேன். ஆயிரத்தி எண்ணூறு வெள்ளி. ஒடஞ்சிருச்சின்னா மறுபடி அவன்தான் குடுக்கணும். அது அவன் பல்லு. என் பல்லா இருந்தா கடிச்சிருப்பேன்.”

ஆண்டி சிரித்தார். அம்மாவும் சிரித்தார். கத்தி பிடித்த கையோடே வாயை மூடினார்.

“எங்கம்மாவுக்கும் அந்தச் சந்து இருந்துச்சு. எனக்கும் இருந்துச்சு. அதையும் அடச்சிட்டாங்க. கண்ணாடியில பாத்தா யாரோ மாதிரி இருக்கு.”

நான் பையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக மறுபடி வந்தேன்.

அன்று இரவு அக்காவின் கல்யாணப் படங்களைத் திறந்தேன். நானூறுக்கும் மேல் இருக்கும். ஒவ்வொன்றாகத் தள்ளினேன். எந்தக் கல்யாணத்துக்காக அந்தப் பல்லோ, அந்தக் கல்யாணத்தில் அம்மா பல் தெரியச் சிரிக்கும் படம் ஒன்றுகூட இல்லை. உதட்டை இறுக்கிய புன்னகை. அல்லது கை. ஒரு படத்தில் தாம்பூலத் தட்டு.

*

எங்கள் தொழிலில் ஒரு பொருளை அளப்பதற்கு முன்னால் அளக்கும் கருவியை அளப்போம். பத்துப் பொருளை எடுத்து, மூன்று பேரிடம் கொடுத்து, ஒவ்வொருவரும் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். நல்ல பொருளுக்கும் கெட்ட பொருளுக்கும் கருவி வேறு வேறு எண் காட்டுகிறதா என்று பார்ப்போம். எதை வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்டினால் பொருட்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன என்று அர்த்தம் இல்லை. முள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அம்மா தன் வாழ்க்கையில் எதற்கு ‘பத்து’ கொடுக்கவில்லை? கேன்டீன் வேலை எப்படி என்றால் நல்லாருக்கு. அப்பா போன பிறகு வந்த முதல் தீபாவளி எப்படி என்றால் நல்லாருக்கு. கறிக்கடைக்காரர் எலும்பாகப் போட்டுக் கொடுத்தாலும் நல்லாருக்கு. டாக்டருக்கு, டீச்சருக்கு, கவுன்டரில் இருப்பவருக்கு, பணம் கொடுத்த மகனுக்கு, முகம் வாடும்படி ஒன்றைச் சொல்லக் கூடாது என்பது அவர் கற்ற பாடம். நான் அந்த முள்ளைப் பார்த்துத் திருப்தி என்று எழுதிக்கொண்டேன்.

ஆய்வாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பல்லால் வாழ்க்கைக்கு என்ன பாதிப்பு என்று கேட்கும் கேள்விப் பட்டியல்கள் இருக்கின்றன. 1990களில் 49 கேள்வியோடு வந்து பிறகு 14ஆகச் சுருங்கிய ஒன்றுதான் அதிகம் பயன்படுவது. மலாய் மொழியிலும் உண்டு. பேச்சு தடுமாறுகிறதா, ருசி கெட்டதா, சாப்பிட அசௌகரியமா, கூச்சமாக இருக்கிறதா என்று கேட்கும். நல்ல கேள்விகள். மறுநாள் அவற்றில் சிலவற்றை அம்மாவிடம் சாதாரணப் பேச்சு மாதிரி கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் “இல்லயே, ஏன் கேக்குற?” என்றார். கணக்குப்படி சுழியம். சுழியம் என்றால் பாதிப்பே இல்லை என்று பொருள்.

2007இல் உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு புதிய மதிப்பீட்டு முறை ஒன்றைக் கொண்டுவந்தது. அழகு, செயல்பாடு, உடல்நலம் என்று மூன்று பிரிவு. மொத்தம் 16 வரி. அதில் ஒரு வரி நோயாளியின் கருத்து. பதினாறில் ஒன்று. அந்த ஒரு வரியும் வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த வரியை அம்மா மாதிரி ஒருவர் எப்படி நிரப்புவார்?

இன்னொன்றும் புரிந்தது. இது இன்ஜினியருக்கு இன்னும் வெட்கமானது. இரண்டு வருடமாகத் தேய்மானம் இல்லை, சில்லு பெயரவில்லை, விரிசல் இல்லை என்று சந்தோஷப்பட்டேனே, அந்தப் பல் வேலையே செய்யவில்லை. சுமையே ஏற்றாமல் சோதனை செய்துவிட்டு வெற்றி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அலமாரியில் வைத்த பொருள் நூற்றுக்கு நூறு நிலைக்கும். 1,000 மெகாபாஸ்கல் பல்லைக் கொய்யாப்பழத்திடமிருந்து அம்மா காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

கேள்வியை மாற்றினேன். நல்லாருக்கா என்று கேட்பதை விட்டேன். கரும்பை உரித்து அம்மாவிடம் நீட்டினேன். வேண்டாம் என்றார்.

“அந்தப் பல்லு வந்ததுக்கு அப்புறம் என்னென்ன சாப்புடுறத விட்டீங்கமா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விரல் விட்டார். கரும்பு. கொய்யா. சோளம். முறுக்கு, உடைத்துத்தான். ஆப்பிள், நறுக்கித்தான்.

“முன்ன கறுப்புப் பல்லு இருந்தப்ப?”

“அப்ப எல்லாம் கடிப்பேன்.”

*

கிளினிக்குக்கு மறுபடி போனோம். இந்த முறை நான் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அம்மாவை உட்காரவைத்தோம், படுக்கவைக்கவில்லை. வாயில் பஞ்சு இல்லை. டாக்டரும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்தேன்.

அம்மாவுக்கு மலாய் நன்றாக வரும். பசாரில் யாரிடமும் பேரம் பேசுவார். ஆனால் குறை சொல்ல வேண்டிய மலாய் அவருக்கு எங்கேயோ போய்விட்டது. கடைசியில் இவ்வளவுதான் சொன்னார்: “கிகி இனி சாந்தேக், டாக்டர். தாபி புக்கான் சாயா பூஞா.” இந்தப் பல் அழகாக இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை.

டாக்டர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தார். எது உங்களுடையது இல்லை என்று கேட்டார். அம்மா கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கொஞ்சமாகத் திறந்து காட்டினார். அந்தச் சந்து.

நான் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், பணம் நான் தருகிறேன் என்று வாயைத் திறந்தேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். சிர்கோனியா உறையைக் கழற்ற முடியாது, வைரத் துகள் பதித்த பிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுக்கும்போது அடியில் இருக்கும் சொந்தப் பல்லும் கொஞ்சம் போகும். ஏற்கெனவே நரம்பு எடுத்த, மெலிந்த பல். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் மிச்சம் இருப்பது குறையும். கடைசியில் பிடுங்கவேண்டி வரலாம். இந்த உறையில் எந்தக் கோளாறும் இல்லாதபோது அதைச் செய்யத் தனக்கு மனம் வரவில்லை என்றார். ஆனால் இடைவெளியைத் திறக்கலாம். அதை மூடுவதற்காக அதிகம் சேர்த்த பகுதியைத்தான் தேய்க்கப் போகிறோம், சுவர் மெலியாது. நிறத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

இதை அவர் என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. அம்மாவிடம் மலாயில், வரைந்து காட்டிச் சொன்னார். அம்மா யோசித்தார். “பொலே” என்றார். செய்யலாம்.

தண்ணீர் பீச்சிக்கொண்டே நுண்ணிய வைர பிட்டால் தேய்த்தார். எனக்குப் பயம். தேய்க்கும்போது சிர்கோனியாவின் மேற்பரப்பில் நுண்விரிசல் வரலாம், படிகங்கள் அவசரப்பட்டு வடிவம் மாறலாம். படித்தவன் படும் பயம். டாக்டர் அவசரப்படவில்லை. நிறுத்தி நிறுத்தித் தேய்த்தார். பிறகு ரப்பர் பிட் மூன்றை மாற்றி மாற்றிப் பாலிஷ் போட்டார். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அவ்வளவுதான் எடுத்தார்.

கண்ணாடியைக் கொடுத்தார். அம்மா நாக்கு நுனியை அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். சிறுவயதில் எனக்கு முதல் பல் விழுந்தபோது நான் அப்படித்தான் செய்துகொண்டே இருந்தேனாம். எனக்கும் அந்தச் சந்து இருக்கிறது. அம்மா வாயில் அதை மூடச் சொன்னபோது எனக்கு அது தோன்றவே இல்லை.

*

ஆய்வுக் கட்டுரைகளில் நிலைத்திருப்பதும் வெற்றியும் வேறு வேறு. உறை வாயில் இருந்தால், இடையில் கை வைத்திருந்தாலும், அது நிலைத்திருக்கிறது என்று கணக்கு. வெற்றி என்றால் போட்டது போட்டபடி, யாரும் எதுவும் செய்யத் தேவையில்லாமல் இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி அம்மாவின் பல் 2024 வரை வெற்றிப் பட்டியலில் இருந்தது. அவர் வாயைத் திறந்து சொன்ன அன்று, டாக்டர் கை வைத்த அன்று, அந்தப் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. யார் மேலும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எண்கள் எண்ணச் சொன்னதைத்தான் எண்ணுகின்றன. எந்தப் பொருள் எத்தனை வருடம் தாங்கும் என்று அவை இல்லாமல் யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது இப்போது எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. 96.6இல் எத்தனை பேர் கொய்யாவை நறுக்கிச் சாப்பிடுகிறார்கள்?

அம்மா உடனே கரும்பைக் கடித்துவிடவில்லை. ஆறு மாதம் போல ஆனது. முதலில் ரொட்டி, பிறகு முறுக்கு. “ஒடஞ்சா ஒடையட்டும், வேற போட்டுக்கலாம்” என்று நானும் அக்காவும் மாறி மாறிச் சொன்னோம். வாயை மூடும் கை இன்னும் போகவில்லை. நாற்பது வருடக் கை அது, சில நாள் பாதி வழியில் வந்து நிற்கிறது.

போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது, சமையல்கட்டில் நின்று கொய்யாவைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டேன்.

“பத்துக்கு எத்தனமா?”

மென்று விழுங்கினார். நிஜமாகவே யோசித்தார்.

“ஏழு.”

“ஏன், மூணு எங்க போச்சி?”

“கலரு சரியில்லடா. ரொம்ப வெள்ள. நீ எங்கிட்ட கேட்டிருக்கணும்.”

எனக்குத் தெரிந்து அம்மா யாருக்கும் ஏழு கொடுத்ததில்லை.